பச்சைத் தண்ணீரும் பூங்கோரையும் ஒன்றா?

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பாருங்கள். கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம் பூண்டுக் காட்டுக்குக் கீழே ஒரு பண்ணைக்குட்டை வைத்திருக்கிறீர்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் பாதியாக இறங்கி, மேலே பச்சைப் பெயின்ட் ஊற்றியது போல ஒரு படலம் கட்டிக்கொண்டது. நாய் அதில் இறங்கிப் புரண்டு வந்த அன்று மாலையே வலிப்பு வந்து செத்துப்போனது. இரண்டு நாள் கழித்து, அதே குட்டையில் தண்ணீர் குடிக்கும் பசு தீனி எடுக்காமல் நிற்கிறது. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருக்கும் உங்கள் மச்சான் போனில், "எங்க கடல்ல தண்ணி பச்சையாகிப் பூங்கோரை வந்து மீனெல்லாம் செத்து ஒதுங்குதே, அதேதான் இது" என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியா, தண்ணீரைக் கொதிக்கவைத்தால் போதுமா, குட்டையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாமா, சந்தையில் வாங்கும் கடல் மீனைச் சாப்பிடலாமா என்று அடுக்கிக் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பச்சையாக இருப்பதைப் பார்த்தே விஷம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது, பத்துப் போட்டோ அனுப்பினாலும் முடியாது. ஆனால் முடியாது என்பதாலேயே செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

நான் கால்நடை மருத்துவன். 31 வருஷ சர்வீஸில் பாதிக்கு மேல் இந்தப் பழனி மலையில்தான் கழிந்தது. கொஞ்ச காலம் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், மீதி மேல்மலையில். மாடு, மட்டக்குதிரை, நாய் பற்றிச் சொல்வது நான் கையால் தொட்டுப் பார்த்தது. கடலைப் பற்றிச் சொல்வது படித்துத் தெரிந்துகொண்டது. இரண்டுக்கும் ஒரே எடை போடாதீர்கள்.

பசுவை முதலில் கவனியுங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கும். இன்றே அதை நிழலுக்கு மாற்றுங்கள். கொட்டகைக்குள், வெயில் படாத மூலையில். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள், உள்ளே மஞ்சள் ஓடியிருக்கிறதா என்று. மூக்கு நுனி, காது மடல், மடி, உடம்பில் வெள்ளையாக இருக்கும் இடங்கள், இங்கெல்லாம் தோல் சிவந்து, தடித்து, பொருக்குப் பொருக்காக உரிகிறதா என்று பாருங்கள். ஈரல் கெட்டுப்போன மாட்டுக்கு வெயில் ஆகாது. அது தின்னும் பச்சையிலிருந்து உண்டாகும் ஒரு பொருளை ஈரல்தான் வெளியேற்ற வேண்டும். ஈரல் படுத்துவிட்டால் அது ரத்தத்தில் தங்கி, வெயில் பட்ட இடத்தில் தோலை வேகவைத்துவிடும். கறுப்புத் தோல் தாங்கும், வெள்ளைத் தோல் தாங்காது. ஒரே மாட்டில் கறுப்புத் திட்டு நன்றாக இருக்க, பக்கத்தில் வெள்ளைத் திட்டு மட்டும் அட்டை போலக் காய்ந்து உரிவதைப் பார்த்தால் மறக்க முடியாது. பக்கத்து மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குப் போன் போடுங்கள். பாசி விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. ஈரலுக்குத் துணை செய்யும் சிகிச்சைதான். அதையும் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

இது பாசியால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். ஈரலைக் கெடுத்து இதே மாதிரி தோலை உரிக்கும் இன்னொன்று நம் மலையில் வேலி தோறும் நிற்கிறது. உண்ணிச்செடிதான். கீழ்மலையில் நான் பார்த்த தோல் உரிந்த மாடுகளில் பெரும்பாலானவை கோடையில் வேறு பச்சை கிடைக்காமல் உண்ணிச்செடியைத் தின்றவை. உங்கள் உயரத்தில் அது குறைவு, பெரணிதான் அதிகம். ஆனால் பெரணி வேறு விதம். மாதக்கணக்கில் தின்ற மாட்டுக்கு ரத்த மூத்திரம் போகும், இப்படி இரண்டே நாளில் தீனியை விடாது. ஆகவே மாட்டைப் பொறுத்தவரை குட்டையின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு, ஆனால் அது சந்தேகம் மட்டுமே.

நாய் விஷயத்தில் என் முதல் சந்தேகம் பாசி அல்ல, பூச்சிமருந்து. பூண்டுக் காடும் உருளைக்கிழங்குக் காடும் இருக்கும் இடத்தில், மருந்து கரைத்த டிரம்மை எங்கே கழுவுகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் குட்டைக் கரை என்றுதான் பதில் வரும். எச்சில் நுரையாக வழிந்து, கண்ணில் நீர் ஊற்றி, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி, உடம்பு முறுக்கிச் சாவது பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்தின் அடையாளம். ஆனால் இங்கேதான் ஒரு சிக்கல். நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் நரம்பு விஷங்களில் ஒன்று, இந்தப் பூச்சிமருந்து உடம்பில் எந்த நொதியைப் பிடித்துக்கொள்கிறதோ அதே நொதியைத்தான் பிடிக்கும். அறிகுறியும் ஏறக்குறைய அதேதான். அனடாக்ஸின் என்ற இன்னொரு விஷம் சில நிமிஷத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் மூச்சுத் தசைகளை நிறுத்திவிடும். நாய்கள் மாட்டைவிடச் சீக்கிரம் மாட்டிக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. மாடு தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடும். நாய் இறங்கிப் புரளும், ரோமத்தில் பாசி ஒட்டும், வீட்டுக்கு வந்து படுத்து அதை நக்கி நக்கிச் சுத்தம் செய்யும். குடித்ததைவிட நக்கியது அதிகமாக இருக்கும். இனிமேல் எந்த நாயாவது அதில் இறங்கினால், வேறு எதையும் யோசிக்காமல் நல்ல தண்ணீர் ஊற்றி உடனே கழுவிவிடுங்கள். உங்கள் கைக்கு உறை போட்டுக்கொண்டு.

இப்போது அந்தப் பச்சைக்கு வருவோம். தண்ணீரில் பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒரே சாதி அல்ல. தலைமுடி போல நூல் நூலாக வந்தால் அது நூல்பாசி. ஒரு குச்சியை விட்டுத் தூக்கினால் குச்சியில் தொங்கும். அதற்குப் பெரும்பாலும் விஷம் இல்லை. குட்டி இலைகளாக, வேர் தொங்க மிதந்தால் அசோலாவோ வேறு நீர்ச்செடியோ. மேல்மலைக் குளிரில் அசோலா செங்கல் நிறத்துக்கு மாறிவிடும், பார்த்துப் பயந்து எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. அது மாட்டுத் தீவனம், விஷம் அல்ல. (வேடிக்கை என்னவென்றால், அசோலா இலைக்குள்ளே குடியிருந்து அதற்குத் தழைச்சத்துக் கொடுப்பதும் ஒரு நீலப்பச்சை உயிர்தான். குலம் ஒன்று, குணம் வேறு.) நீங்கள் சொல்வது போல பெயின்ட் மாதிரி, அல்லது பச்சைப் பட்டாணியை அரைத்துக் கரைத்தது மாதிரி இருந்து, குச்சியை விட்டால் தொங்காமல் குச்சிக்குப் பூச்சு அடித்தது போல ஒட்டினால், அது நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். பாசி என்று பழக்கத்துக்குச் சொல்கிறோமே தவிர, அது பாக்டீரியா இனம், சயனோபாக்டீரியா. கரையோரம் காய்ந்த இடத்தில் பாருங்கள். பச்சை போய் மயில்கழுத்து நீலமும் சுண்ணாம்பு வெள்ளையுமாகத் திட்டு விட்டிருந்தால் சந்தேகம் இன்னும் பலப்படும். செல் உடைந்து உள்ளே இருந்த நீல நிறமி வெளியே வருவதன் அடையாளம் அது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கைக்கு உறை போட்டு, ஊறுகாய் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீரை மேலாக மொண்டு, மூடி, ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் பச்சை முழுவதும் மேலே வந்து மோதிரம் போலக் கண்ணாடியில் ஒட்டி நின்று, கீழே தண்ணீர் தெளிந்திருந்தால் நீலப்பச்சை வகை. அடியில் படிந்திருந்தால் சாதாரணப் பச்சைப் பாசி. காரணம், மைக்ரோசிஸ்டிஸ் போன்றவற்றின் செல்லுக்குள் காற்றுப் பைகள் இருக்கின்றன. வேண்டும்போது மிதக்கும், வேண்டாதபோது இறங்கும். காற்றில்லாத காலையில் மொத்தக் கூட்டமும் மேலே ஏறிவிடும். பிறகு லேசாகக் காற்று அடித்தால் எல்லாமே ஒரு கரையில் போய் ஒதுங்கும். நடுக்குட்டையில் சாதாரணமாக இருக்கும் தண்ணீர் அந்தக் கரையில் மட்டும் பல நூறு மடங்கு கெட்டியாகிவிடும். மாடு எந்தப் பக்கம் இறங்கிக் குடித்தது என்பதைப் பொறுத்துத்தான் பிழைப்பதும் சாவதும். ஒரே குட்டையில் குடித்த பத்து மாட்டில் இரண்டு மட்டும் படுப்பது ஏன் என்று பலர் குழம்புவதற்கு இதுதான் விடை. இதையெல்லாம் வைத்து அது நீலப்பச்சையா என்று ஓரளவு சொல்லிவிடலாம். விஷமா என்பது வேறு கேள்வி. ஒரே இனத்திலேயே விஷம் செய்யும் வம்சமும் செய்யாத வம்சமும் பக்கத்தில் பக்கத்தில் வளரும். நுண்ணோக்கியில் வைத்தாலும் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தண்ணீரில் விஷத்தையே அளந்தால்தான் தெரியும், அதற்கு ஆய்வகம் வேண்டும்.

அளவு எவ்வளவு நுணுக்கம் என்பதற்கு ஒரு கணக்கு. மைக்ரோசிஸ்டின் என்ற ஈரல் விஷத்துக்கு உலக சுகாதார நிறுவனம் குடிநீரில், காலம் முழுக்கக் குடிப்பதற்கு, வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். 10,000 லிட்டர் தண்ணீர் லாரி நூறை வரிசையாக நிறுத்தினால், அத்தனைக்கும் சேர்த்து 1 கிராம். இதில் கொதிக்கவைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், இந்த விஷம் சாகாது. செல் வெந்து வெடித்து, உள்ளே இருந்த விஷமும் தண்ணீரில் கலந்துவிடும். தண்ணீர் ஆவியாகக் குறைவதால் மிச்சம் இன்னும் கெட்டியாகும். நம் வீடுகளில் "காய்ச்சினா எல்லாம் போயிடும்" என்பது வேதவாக்கு. இங்கே அது பலிக்காது. குளிக்கவும் வேண்டாம், பாத்திரம் கழுவவும் வேண்டாம், குழந்தைகளை இறக்கவே வேண்டாம். அரிப்பும் தடிப்பும் வயிற்றுப்போக்கும் வரும்.

மனிதருக்கு இதனால் உயிர்போகுமா என்றால், போயிருக்கிறது, ஆனால் உறுதியாகத் தெரிந்த சம்பவத்தில் குடித்து அல்ல. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரத்தில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குச் சரியாகச் சுத்திகரிக்காத அணைத் தண்ணீர் போனது. அதில் இந்த மைக்ரோசிஸ்டின் இருந்தது. தண்ணீர் நேராக ரத்தத்தோடு பழகும் இடம் அது. 100 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டு, 50 பேருக்கு மேல் இறந்தார்கள். குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் வயிறும் ஈரலும் கெடுவதோடு நிற்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில், ஈரி ஏரியில் பாசி பெருகிக் குழாய் நீரில் விஷம் தெரிந்ததும், 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் "குடிக்காதீர்கள், காய்ச்சவும் செய்யாதீர்கள்" என்று அறிவித்தார்கள். மூன்று நாள் பாட்டில் தண்ணீர்தான். பெரிய ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு!

பாசி விஷம் மாடு சாகும் அளவுக்குப் போகும் என்பது புதுச்செய்தி அல்ல. 1878இலேயே தெற்கு ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரினா ஏரிக் கரையில் ஆடு, மாடு, குதிரை, நாய் எல்லாம் பச்சைப் படலத்தைக் குடித்துச் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதி வைத்திருக்கிறார். காட்டு விலங்குகளுக்கு எடுத்துக்காட்டு போட்ஸ்வானா. 2020இல் ஒகவாங்கோ பகுதியில் 300க்கும் மேற்பட்ட யானைகள் செத்துக் கிடந்தன. முதலில் வேட்டை என்றார்கள், தந்தம் அப்படியே இருந்தது. கடைசியில் நீர்க்குட்டைகளில் இருந்த நீலப்பச்சைப் பாசியின் நரம்பு விஷம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. அதே தண்ணீரைக் குடித்த மற்ற விலங்குகள் ஏன் சாகவில்லை என்ற கேள்வியை விஞ்ஞானிகள் அப்போதே எழுப்பினார்கள், அது நியாயமான கேள்விதான். உங்கள் குட்டைக்கு ராத்திரியில் யார் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். காட்டுமாடு, கடமான், பன்றி. குட்டைக்கு வேலி போட்டால் காட்டுமாடு அதை வேலியாகவே மதிக்காது. ஆனால் காட்டுக்குள் ஒரு காட்டுமாடு செத்துக் கிடந்தால், அது எதனால் என்று பார்க்க வருவதற்குள் நாலு நாள் ஆகியிருக்கும், உள்ளுறுப்பு எதுவும் மிஞ்சியிருக்காது. நம் மலையில் பாசியால் காட்டு விலங்கு செத்ததா என்று என்னைக் கேட்டால், கையில் ஆதாரத்தோடு நான் ஒன்றும் பார்த்ததில்லை என்றுதான் சொல்வேன்.

சரி, மச்சானின் பூங்கோரை. அவர் பாதி சரி. மண்டபம், பாம்பன் பக்கம் கடல் திடீரென்று பச்சைக் குழம்பாக மாறுவதற்குப் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுவது நாக்டிலுகா என்ற ஒற்றைச் செல் உயிர். ராத்திரியில் அலை உடையும்போது நீலமாக மின்னுவதும் அதுதான். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்த்தார்களே, அந்த வெளிச்சம். அதே வருஷம் அடுத்த சில வாரங்களில் மன்னார் வளைகுடாவில் அது பெருகியபோது மீன்கள் செத்து ஒதுங்கின, பவளங்களும் அடிபட்டன. ஆனால் நாக்டிலுகா மைக்ரோசிஸ்டின் போல ஈரலைத் தாக்கும் விஷம் எதையும் செய்வதாகத் தெரியவில்லை. அது கொல்லும் விதம் வேறு. உடம்பில் அம்மோனியாவைச் சேர்த்து வைத்திருக்கும். செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடும். மீனுக்கு மூச்சுத் திணறும், ஒதுங்க இடமில்லாத மீன்தான் முதலில் சாகும். குட்டையிலும் இதே கதை நடக்கும், விஷம் இல்லாத சாதாரணப் பச்சைப் பாசியிலும்கூட. பகலில் ஆக்சிஜனை விடும் பாசி ராத்திரி முழுக்க அதையே இழுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது விஷ வேலை அல்ல, மூச்சு முட்டல்.

கடலிலும் விஷம் செய்கிற வகைகள் உண்டு, அவை வேறு. சாக்ஸிடாக்ஸின் என்ற நரம்பு விஷத்தைச் செய்யும் நுண்ணுயிரை மட்டியும் சிப்பியும் வடிகட்டித் தின்று உடம்பில் சேர்த்துவைக்கும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது. அதைச் சமைத்துத் தின்றவருக்கு உதடு மரத்து, விரல் மரத்து, மூச்சு நிற்கும். தமிழ்நாட்டுக் கரையிலேயே 1981இல் மட்டி சாப்பிட்ட 85 பேர் மருத்துவமனைக்குப் போய், 3 பேர் இறந்தது பதிவாகியிருக்கிறது. கனடாவில் 1987இல் கல்லுமேக்காய் வகைச் சிப்பியில் டோமோயிக் அமிலம் சேர்ந்து 100 பேருக்கு மேல் படுத்து, 3 பேர் இறந்தார்கள். பிழைத்த சிலருக்குப் பழைய ஞாபகம் இருந்தது, புதிதாக எதுவும் மனதில் நிற்கவில்லை. 1998இல் கலிபோர்னியாக் கரையில் அதே விஷத்தால் கடற்சிங்கங்கள் நூற்றுக்கணக்கில் வலிப்பு வந்து செத்தன. நெத்திலி தின்று வந்த விஷம் அது. மீனவர்களுக்கு இதில் இன்னொரு அடி உண்டு, அதை மச்சானே உங்களுக்குச் சொல்லியிருப்பார். வலையில் வழுவழுப்பு ஏறி, மீன் அந்தப் பக்கமே வராது. கிடைத்த நல்ல மீனையும் "பூங்கோரை மீன்" என்று வாங்க ஆள் இருக்காது. சாவதை விடச் சந்தேகம்தான் அதிகம் நஷ்டம் பண்ணும்.

கடலில் நடப்பதற்கும் உங்கள் குட்டையில் நடப்பதற்கும் பொதுவான ஒன்று உண்டு என்றால் அது பாசிக்குக் கிடைக்கும் தீனி. கடலில் ஆறு கொண்டுவருவது, நீரோட்டம் அடியிலிருந்து தூக்குவது, பருவக்காற்று என்று பல காரணங்கள் கலந்து நிற்கும். எது எவ்வளவு என்று அளப்பது கஷ்டம். குட்டையில் அத்தனை மர்மம் இல்லை. டி.ஏ.பி. உர மூட்டையில் 18:46 என்று போட்டிருக்கும். அந்த 46தான் மணிச்சத்துக் கணக்கு, அதாவது பாஸ்பரஸ் சத்து. நன்னீரில் பாசி பெருகாமல் தடுத்துவைத்திருப்பது பெரும்பாலும் இந்தப் பாஸ்பரஸ் பற்றாக்குறைதான். கனடாவில் 1973இல் ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் சில வாரத்தில் பச்சையாகிவிட்டது. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தால் யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள். உங்கள் குட்டைக்கு மேலே பூண்டுக் காடு. கீழேயிருந்து லாரியில் வந்து இறங்கும் கோழி எருவை எங்கே குவிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கரையிலிருந்து பத்தடியில் என்றால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. ஒரு கோடை மழை போதும், குவியலிலிருந்து இறங்கும் தேநீர் நிறத் தண்ணீர் நேராகக் குட்டைக்குத்தான். அதன்பின் ஒரு வாரம் வெயில், காற்றில்லாத நாட்கள், ஆழம் குறைந்த தண்ணீர். மேல்மலை குளிர்ச்சி என்பது காற்றுக்கு. மூன்றடித் தண்ணீர் நண்பகலில் எவ்வளவு சூடேறும் என்று கையை விட்டுப் பார்த்தவருக்குத் தெரியும் (இப்போது விடாதீர்கள்). போதாததற்குக் குளிர்ந்த நீரிலேயே வளரும் வகைகளும் உண்டு.

மயில்துத்தம் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது நானே செய்த தப்பு. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்துக் குளம் இதேபோலப் பச்சையாகிக் கிடந்தது. ஊர்க்காரர்கள் கேட்டார்கள். பூஞ்சண நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவைக்காக மயில்துத்தம் எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அது பாசியைக் கொல்லும் என்று படித்தும் இருக்கிறேன், போடச் சொல்லிவிட்டேன். இரண்டாம் நாள் குளம் கண்ணாடி மாதிரி தெளிந்தது. எனக்கு ஒரே பெருமை. மூன்றாம் நாள் காலையில் குளத்து மீன் அத்தனையும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது, இரண்டு கன்றுக்குட்டி கழிந்து கழிந்து படுத்தது. தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் என்று நம்பி ஊர் முழுக்க மாட்டை விட்டிருந்தார்கள். கன்று பாசி விஷத்தால் படுத்ததா, செம்பு விஷத்தால் படுத்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிழைத்துக்கொண்டன என்பது மட்டும்தான் ஆறுதல். பல வருஷம் கழித்துத்தான் ஆஸ்திரேலியாவின் பாம் தீவைப் பற்றிப் படித்தேன். 1979இல் அங்கே குடிநீர் அணையில் பாசி பெருகியதும் மயில்துத்தம் போட்டார்கள். சில நாளில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஈரலும் குடலும் கெட்டு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உயிரோடு இருக்கும் பாசி விஷத்தைப் பெரும்பாலும் தனக்குள் வைத்திருக்கும். ஒரே அடியாகக் கொன்றால் அத்தனையும் ஒரே நாளில் தண்ணீரில் இறங்கிவிடும். பச்சை இருக்கும்வரை மாடாவது முகம் சுளிக்கும், தெளிந்துவிட்டால் அதுவும் இல்லை. போடாதீர்கள். பிளீச்சிங் பவுடருக்கும் இதே பதில்.

பிறகு என்னதான் செய்வது? கால்நடையை இன்றே வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள். தொட்டி வைத்து ஊற்றினாலும் சரி. படலம் தானாக மறைந்தாலும் இரண்டு மூன்று வாரம் திரும்ப விடாதீர்கள், கரைந்த விஷம் உடையச் சில வாரம் பிடிக்கும். அந்தத் தண்ணீரைக் காட்டுக்கு விட்டே ஆகவேண்டும் என்றால் வேருக்கு மட்டும் போகும்படி விடுங்கள். கோஸ், கீரை மேல் தெளிப்பான் போட்டு அடிக்காதீர்கள். இலையில் காய்ந்து ஒட்டியது கழுவினாலும் முழுக்கப் போகாது. கேரட் கழுவுவதற்கு இந்தக் குட்டையைத் தொடவே கூடாது. தண்ணீர் மாதிரி எடுப்பதென்றால் இரண்டு கண்ணாடி பாட்டிலில் எடுத்து, வெளிச்சம் படாமல் துணி சுற்றி, ஐஸ் வைத்து, அன்றைக்கே மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்குச் சேரும்படி செய்யுங்கள். ஒரு பாட்டிலில் மட்டும் சில துளி அயோடின் விட்டால் நுண்ணோக்கியில் பார்க்க உதவும். கரையில் மருந்து டிரம் கழுவினார்களா என்பதையும் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள். தண்ணீரைப் பாசிக்கு மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. நாயை ஆழமாகப் புதைத்துவிடாமல் இருந்தால், மருத்துவர் சொன்னால் மட்டும் பிரேதப் பரிசோதனை செய்யலாம். நாள் ஆகிவிட்டதால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

குட்டையை நிரந்தரமாகச் சரிசெய்வது நிதானமான வேலை. எருக் குவியலைக் கரையை விட்டுத் தள்ளி, மழைநீர் வேறு பக்கம் ஓடும்படி வையுங்கள். காட்டுக்கும் குட்டைக்கும் நடுவே நாலைந்து முழம் புல்லை வெட்டாமல் விடுங்கள். வற்றிய காலத்தில் அடிச்சேற்றை வாரிக் காட்டிலேயே போடுங்கள். பல வருஷத்து உரம் அதில்தான் தங்கியிருக்கிறது, அதை எடுக்காவிட்டால் மேலிருந்து வருவதை நிறுத்தினாலும் குட்டை அடியிலிருந்தே தின்னும். கொடைக்கானல் ஏரியை 1863இல் வெட்டினார்கள். அதைச் சுற்றி ஊர் வளர வளர, அதில் இறங்கியதெல்லாம் அடியில் இருக்கும். அவ்வளவு பெரிய ஏரியின் சேற்றை யார் வாருவது என்பது தனிக்கதை. உங்களுடையது நாலு டிராக்டர் வேலை. சியாட்டில் நகரத்தில் வாஷிங்டன் ஏரிக்குள் விட்ட சாக்கடையை 1963 தொடங்கி 1968க்குள் திருப்பிவிட்டார்கள், சில வருஷத்திலேயே ஏரி தெளிந்தது. ஆகாத காரியம் இல்லை.

கடைசியாக மீன். கொடைக்கானல் சந்தைக்கு வரும் கடல் மீனைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். குடலை எடுத்துச் சுத்தம் செய்த சதை மீனில் இந்த விஷங்கள் பயப்படும் அளவுக்குச் சேர்வதில்லை, சேர்ந்தால் குடலிலும் ஈரலிலும்தான். மட்டி, சிப்பி மட்டும் கடல் நிறம் மாறியிருக்கும் வாரங்களில் வேண்டாம், சமைத்தாலும் அந்த விஷம் போகாது. மச்சான் கருவாடு அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வலையில் பிடித்ததா, பூங்கோரையில் செத்து ஒதுங்கியதைப் பொறுக்கிக் காயவைத்ததா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.